பொத்தேரித் துப்பாக்கியின் மதிப்பீடு

கடிதம் எண் 1
அஸ்தினாபுரம், சென்னை – 64
6 மார்ச் 2025, வியாழக்கிழமை, காலை மணி 10.20

திரு. குப்புராஜ் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் நேற்றுப் பிற்பகல் என் கையில் கிடைத்தது. அதில் தேதி இல்லை. உறையின் முத்திரையை வைத்து மார்ச் 1 என்று கொள்கிறேன். பின்கோடும் இல்லை. அது வந்து சேர்ந்ததற்குத் தபால்காரரைத்தான் பாராட்ட வேண்டும்.

என் தங்கை ஜெயக்கொடி எந்தத் துப்பாக்கியால் இறந்தாளோ, அதை இன்னதென்று கண்டு மதிப்பிட்டுத் தரும்படி என்னையே கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கிழித்துப் போடுவதுதான் முறை என்று முதலில் தோன்றியது. ஆனால் அதில் ஒரு காரணம் சொல்லியிருக்கிறீர்கள். தாங்கள் இறந்தால் உரிமத்தின் வாரிசு என்று காவல் நிலையத்தார் ஜெயக்கொடியின் மகள் தமிழினியிடம்தான் நோட்டீஸ் கொண்டுபோவார்கள் என்பது. இது சரியே. சட்டம் அப்படித்தான். ஐந்து வயதில் தாயைப் பறிகொடுத்த பெண்ணின் வாசலில், நாற்பத்தொன்றாம் வயதில், அதே துப்பாக்கிக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் காவலர் நிற்கக் கூடாது. அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் சம்மதிக்கிறேன்.

நான் முப்பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்த துப்பாக்கிக் கடையில்தான் அது 1991 முதல் ஒப்படைப்பில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒப்படைப்புப் பதிவேடு முதலாளி கையில் இருந்ததால் எனக்கு இது தெரியாது. இப்போது அங்கே பொறுப்பில் இருக்கும் ஜெர்சன் என்னிடம் தொழில் பழகியவர். நான் நேரில் போய்ப் பார்க்கிறேன்.

ஒன்றை மட்டும் தெளிவாக எழுதிவிடுகிறேன். 13 ஜனவரி 1989, வெள்ளிக்கிழமை, போகியன்று நடந்ததைப் பற்றி என் கருத்து மாறவில்லை. பாதுகாப்புக்காகச் சுத்தியலைப் பாதி ஏற்றத்தில் நிறுத்திய துப்பாக்கி பீரோ மேலிருந்து விழுந்ததால் வெடிக்காது. ஆர்.டி.ஓ. முன் 19 ஜனவரி 1989 அன்று நான் கொடுத்த வாக்குமூலம் அது. இன்றும் அதுவே.

தமிழினி நலம். அதற்கு மேல் கேட்க வேண்டாம்.

இங்ஙனம்,
வ. ராஜாராமன்

இணைப்பு: உரிமத்தின் நகலை அனுப்பத் தங்கள் வசதிக்காக, முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய உறை ஒன்று.

•

பொத்தேரி
12.3.2025

அன்புள்ள மச்சானுக்கு,

குப்புராஜ் எழுதுவது. இந்தத் தடவை தேதி போட்டுவிட்டேன். பின்கோடும் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

நீங்கள் பதில் போடுவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. தபால்காரர் கொடுத்ததும் உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். அப்படியே இருக்கிறது, அச்சடித்த மாதிரி. என் எழுத்து இப்போது கோணிக்கொண்டு போகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

உரிமத்தின் நகல் வைத்திருக்கிறேன். அதில் ‘இங்கிலீஷ் மேக், 4417’ என்று எழுதியிருக்கிறது. எங்கள் அப்பா அதை வெள்ளைக்காரன் துப்பாக்கி என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கலெக்டர் ஆபீசில் ஒரு பையன் சிரிக்கிறான். “பெரியவரே, புக்ல ஒண்ணு கீது, கட ரசீதுல வேற கீது. எது நெசம்னு யார்னா தெரிஞ்சவங்க கைல எழுதி வாங்கிக்கினு வாங்க” என்கிறான். ஜெர்சன் தம்பியைக் கேட்டேன். “ராஜாராமன் சார விட்டா இந்தப் பழசுங்கள பாத்து சொல்றதுக்கு ஆளு இல்ல” என்றார். அதனால்தான் எழுதினேன். வேறு துணிச்சல் ஒன்றும் இல்லை.

நீங்கள் அலைய வேண்டாம் மச்சான். வெயில் ஏறுகிறது. வெளியே பார்த்து ஒரு தொகை எழுதிக் கொடுத்தால் போதும்.

நிலமெல்லாம் போய்விட்டது. காலேஜ் பிள்ளைகளுக்கு ரூம் கட்டி விட்டிருக்கிறேன். மேலே பன்னிரண்டு பையன்கள் இருக்கிறார்கள். ராத்திரி பகல் தெரியாமல் சத்தம் போடுகிறார்கள். எனக்கு அந்தச் சத்தம் வேண்டித்தான் இருக்கிறது.

பாப்பாவைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்கவில்லை.

உங்கள்,
குப்புராஜ்

•

கடிதம் எண் 2
அஸ்தினாபுரம்
24 மார்ச் 2025, திங்கட்கிழமை, மாலை மணி 6.05

திரு. குப்புராஜ் அவர்களுக்கு,

வணக்கம். இன்று காலை 9.12 வண்டியில் குரோம்பேட்டையிலிருந்து புறப்பட்டு, 10.30-க்குக் கடையை அடைந்தேன். பிற்பகல் 2 மணி வரை துப்பாக்கியைப் பார்த்தேன். அறிக்கை வருமாறு.

குழல் ஒன்று, துளையின் அளவு பன்னிரண்டு போர். ஒரு தோட்டாவை இட்டுச் சுட்டபின், மடித்துத் திறந்து அடுத்ததை இட வேண்டிய சாதாரண வகை. சுத்தியல் வெளியே இருப்பது. கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து ஏற்ற வேண்டும். குழலின் மேல் ஒரு ஆங்கிலப் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதை நம்பித்தான் உரிமத்தில் ‘இங்கிலீஷ் மேக்’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெயரில் துப்பாக்கி செய்தவர் எவரும் எனக்குத் தெரிந்து இல்லை. ஏற்றுமதிக்கென்று மலிவாகச் செய்தவற்றில், வாங்குபவர் மதிப்பாக நினைக்கட்டும் என்று இப்படி ஒரு பெயரைப் போட்டுவிடுவார்கள். உண்மையான அடையாளம் மேலே இராது, அடியில்தான் இருக்கும். முன்கட்டையைக் கழற்றிக் குழலின் அடிப்பாகத்தைத் துடைத்துப் பார்த்தபோது, முட்டை வடிவ வளையத்துக்குள் மூன்று எழுத்துகளும் மேலே ஒரு கிரீடமும் இருந்தன. அது பெல்ஜியத்தின் சோதனை முத்திரை. பக்கத்திலுள்ள முத்திரைகளைக் கொண்டு 1920-களின் பிற்பகுதி என்று சொல்லலாம். தங்கள் தகப்பனார் ஊரெல்லாம் சொன்னது பிழை. 4417 என்பது எண்தான்; அது சரியாக இருக்கிறது.

தோட்டா அறை இக்காலத் தோட்டாவுக்குக் குட்டையானது. குழலுக்குள் துருக்குழிகள். கைப்பிடிக்கட்டை ஒரு முறை பிளந்து பித்தளைத் தகட்டால் இணைக்கப்பட்டிருக்கிறது. குழலைப் பூட்டி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடுக்கில் ஒளி தெரிகிறது. தெரியக் கூடாது.

ஜெர்சன் பக்கத்தில் நின்றுகொண்டு, “இன்னா சார் இதுக்குப் போயி லென்ஸ்லாம் எடுத்துக்கினு. காயலாங்கடைல எடைக்குப் போட்டா ஒரு பிரியாணி துன்லாம். அதுவும் ஹாஃப்” என்றார். அவருக்கு வயது ஐம்பத்தாறு. இன்னும் அதே பேச்சு. நான் அவரிடம் சொன்னேன்: மலிவான பொருளுக்கும் மதிப்பீடு உண்டு, விலை குறைவு என்பதால் வேலையைக் குறைக்க முடியாது.

இப்போதைக்கு மூவாயிரம் ரூபாய் என்று பென்சிலால் குறித்திருக்கிறேன். சுத்தியலையும் விசையையும் இணைக்கும் பூட்டைத் திறந்து உள்ளுறுப்புகளைப் பார்க்காமல் மையால் எழுத மாட்டேன். திருகுகள் இறுகியிருக்கின்றன. எண்ணெய் விட்டு ஊறவைத்திருக்கிறேன். ஏப்ரல் 7 அன்று திறப்பேன்.

இங்ஙனம்,
வ. ராஜாராமன்

இணைப்பு: முத்திரைகளின் வரைபடம், என் கையால் வரைந்தது, ஒரு தாள்.

•

பொத்தேரி
29.3.2025

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. அப்பா இருந்திருந்தால் உங்களோடு சண்டைக்கே வந்திருப்பார். பெல்ஜியம் எங்கே இருக்கிறது என்று மாடிப் பையன்களிடம் கேட்டேன். ஒருவன் போனில் காட்டினான்.

ஒரே ஒரு வேண்டுகோள். பூட்டைத் திறக்க வேண்டாம் மச்சான். மூவாயிரமே எழுதுங்கள். ஆயிரம் எழுதினாலும் சரி. சும்மாவே எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு அது போனால் போதும். அந்தத் திருகுகள் பழசு. திறந்தால் உடையும். உங்களுக்கும் எழுபத்தெட்டு ஆகிறது. கண்ணைக் கெடுத்துக்கொண்டு இந்த வேலை எதற்கு?

வெளியே பார்த்தது போதும் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

உங்கள்,
குப்புராஜ்

•

கடிதம் எண் 3
அஸ்தினாபுரம்
9 ஏப்ரல் 2025, புதன்கிழமை, காலை மணி 7.40

திரு. குப்புராஜ் அவர்களுக்கு,

தங்கள் வேண்டுகோளைப் படித்த பிறகு பூட்டைத் திறந்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். மறைக்க ஏதோ இருக்கிறது என்று எண்ணினேன். முப்பத்தாறு ஆண்டுகளாக நான் சொல்லிவந்தது கடைசியில் மெய்யாகப் போகிறது என்ற எண்ணத்தோடுதான் 7-ஆம் தேதி வண்டியேறினேன். இதையும் எழுதிவிடுவது நேர்மை.

முதலில் விசையின் எடையை வில்தராசில் அளந்தேன். குறைந்தது இரண்டு கிலோ இழுத்தால்தான் சுத்தியல் விடுபட வேண்டும். இது ஒன்றேகால் கிலோவில் விடுபட்டது. பிறகு வெற்றுத் துப்பாக்கியைப் பாதி ஏற்றத்தில் நிறுத்தினேன். அந்த நிலையில் விசையை இழுத்தாலும் சுத்தியல் விழக் கூடாது. அதற்காகவே ஏற்பட்ட நிலை அது. மேசை உயரத்திலிருந்து ரப்பர் விரிப்பின் மேல் பத்து முறை விழச் செய்தேன். நான்கு முறை சுத்தியல் விழுந்துவிட்டது.

ஜெர்சன், “சார், ஹாஃப் காக்ல நிக்கவே மாட்டேங்குது சார். எவனோ உள்ள கைய வெச்சிருக்கான்” என்றார்.

திறந்தேன். விசையோடு சேர்ந்த கொக்கிதான் சுத்தியலின் வெட்டில் மாட்டி அதைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தக் கொக்கியின் மூக்கு தேய்க்கப்பட்டிருந்தது. தேய்மானம் அல்ல, எண்ணெய்க் கல்லில் வைத்து, கோணம் பிசகாமல், பழகிய கை தேய்த்தது. விசை இலேசாக வேண்டும் என்பதற்காகச் செய்வது. அளவு மிஞ்சினால் முழு ஏற்றம் நிற்கும்; பாதி ஏற்றத்தில் பிடிமானம் போய்விடும்.

எங்கள் தொழிலில், பூட்டைத் திறந்தவன் உள்தகட்டில் தன் எழுத்தையும் தேதியையும் ஊசியால் கீறி வைப்பது வழக்கம். பிற்பாடு திறப்பவனுக்கு யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டும் அல்லவா. லென்ஸில் பார்த்தேன். ‘ரா. 21-8-88’ என்றிருந்தது. ஜெர்சன் அதைப் படித்துவிட்டு வெளியே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து 1988-ஆம் ஆண்டு நாட்குறிப்பை எடுத்தேன். ‘ஆகஸ்டு 21, ஞாயிறு. பொத்தேரி. ஜெயக்கொடி வீட்டில் மதிய உணவு. மாலை 5.40 வண்டியில் திரும்பினேன்.’ இவ்வளவே இருக்கிறது. கடை வேலை அல்ல, வீட்டு வேலை என்பதால் பதிவேட்டிலும் ஏற்றவில்லை போலும். எனக்கு எண்ணெய் போட்டது மட்டுமே நினைவிருந்தது. இரண்டு நாளாக முயன்றும் கல்லை எடுத்தது நினைவுக்கு வரவில்லை. ஆனால் கீறல் என் கையெழுத்து.

ஒரு கேள்வி. இது தங்களுக்குத் தெரியுமா? எப்போதிலிருந்து? ஒரு வரியில் பதில் எழுதினால் போதும்.

ராஜாராமன்

இணைப்பு: ஏதுமில்லை.

•

பொத்தேரி
16.4.2025

அன்புள்ள மச்சானுக்கு,

ஒரு வரியில் எழுதத்தான் நாலு நாள் முயன்றேன். முடியவில்லை.

தெரியும். 1989 மார்ச் முதல் தெரியும். கீழே விழுந்தாலே வெடிக்கும் என்று அரசாங்க ஆய்வகத்திலிருந்து ரிப்போர்ட் வந்ததால்தான் ஐம்பத்திரண்டு நாள் கழித்து என்னைச் செங்கல்பட்டுச் சிறையிலிருந்து விட்டார்கள். அதை நான் காசு கொடுத்து வாங்கினேன் என்று நீங்கள் சொன்னீர்கள். ஒரு தடவை படித்துப் பார்த்திருக்கலாம். உள்ளே ஒரு கீறல் இருக்கிறது, இது யார் என்று அந்த அதிகாரி என்னைக் கேட்டார். அப்பா பழசாக வாங்கியது, யாரென்று தெரியாது என்றேன்.

உங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு ஆள்காட்டி விரலில் அரிவாள் பட்டுக் கட்டுப் போட்டிருந்தது. கடலைக் காட்டில் பன்றித் தொல்லை. விசை இறுக்கமாக இருக்கிறது என்று நான்தான் முனகினேன். அவள் மீன் கழுவிக்கொண்டே, “எங்க அண்ணன் கைல குடு. வெண்ண மாதிரி பண்ணித் தரும். கட வேலைனாதான் காசு கேக்கும், தங்கச்சி வூட்டுக்கு மீன் கொயம்பு போதும்” என்று உங்களைச் சீண்டினாள். நீங்கள் துணி மூட்டையிலிருந்து கல்லை எடுத்தீர்கள்.

உங்களைக் காப்பாற்றினேன் என்று நான் பெருமை பேசப் போவதில்லை. அன்றைக்கு என் கணக்கு வேறு. உங்கள் பெயரைச் சொன்னால் உங்களையும் உள்ளே வைப்பார்கள். நான் உள்ளே, நீங்கள் உள்ளே என்றால் பாப்பாவை யார் வைத்துக்கொள்வது? அதனால் சொல்லவில்லை. வெளியே வந்த பிறகு நீங்கள் பாப்பாவைத் தரவில்லை. 1995-இல் சட்டைப் பையில் அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு உங்கள் வீட்டு கேட்டுக்கு வந்தேன். “கொலைகாரனுக்கு இங்க இன்னா வேல” என்று தெருவே கேட்கக் கேட்டீர்கள். பாப்பா உங்கள் பின்னால் நின்று உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது. என்னை அவள் பார்த்த பார்வையில், அவளுக்கு உங்களைத் தவிர யாருமில்லை என்று தெரிந்தது. அதையும் பிடுங்க மனசு வரவில்லை. திரும்பிவிட்டேன். அப்புறம் அப்படியே பழகிவிட்டது.

பன்றிக் காவலிலிருந்து வந்து தோட்டாவை எடுக்காமல் பீரோ மேலே வைத்தவன் நான். வெள்ளையடிக்க அதை இறக்கப் போனவள் அவள். அதை எந்த ரிப்போர்ட்டும் மாற்றாது. நீங்கள் தேய்த்தது பாதி என்றால் நான் வைத்தது பாதி.

பாப்பாவிடம் சொல்லாதீர்கள். இந்த வயதில் அவளுக்கு இது எதற்கு? துப்பாக்கியை மட்டும் முடித்துக் கொடுங்கள். எனக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால், அவள் இப்போது இருக்கும் வீட்டு முகவரியை மட்டும் எழுதி அனுப்புங்கள். போக மாட்டேன். தெரிந்துவைத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

உங்கள்,
குப்புராஜ்

•

கடிதம் எண் 4
அஸ்தினாபுரம்
2 மே 2025, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மணி 3.15

அன்புள்ள மாப்பிள்ளை குப்புராஜுக்கு,

இப்படி அழைக்க எனக்கு உரிமை இல்லை என்று உங்களுக்குத் தோன்றினால் அடித்துவிட்டுப் படியுங்கள்.

துப்பாக்கியைப் பற்றி முதலில். மதிப்பு ஏதுமில்லை என்று எழுதிவிட்டேன். சீர்செய்து விற்கலாம் என்றார் ஜெர்சன். எவர் கைக்கும் போகக் கூடாது, அழிக்கத்தக்கது என்று மையால் எழுதிக் கையொப்பமிட்டேன். நீங்கள் இணைப்பிலுள்ள படிவத்தில் இரண்டு இடங்களில் கையெழுத்திட்டால், கடையே அதை அரசிடம் ஒப்படைத்துவிடும். தமிழினிக்கு எந்த நோட்டீசும் வராது.

ஏப்ரல் 28 அன்று செங்கல்பட்டு ஆர்.டி.ஓ. அலுவலகம் சென்று, 1989-இல் நான் கொடுத்த வாக்குமூலம் பிழையானது, துப்பாக்கியின் கோளாறு என் கையால் உண்டானது என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த எழுத்தர், ஒரு பெண், நல்ல மாதிரிதான், முழுவதும் படித்துவிட்டு, “ஐயா, இத எந்த ஃபைல்ல வைக்கிறது? அந்த வருஷத்து ஃபைலே இங்க இல்ல. வீட்டுக்குப் போங்க, வெயில்ல மயங்கி விழுந்துடப் போறீங்க” என்றார். நான் நகர மாட்டேன் என்றதும், நகலில் தேதி முத்திரை மட்டும் குத்திக் கொடுத்தார். என்னை உள்ளே வைக்க எவருக்கும் இப்போது நேரமில்லை.

இனி, நீங்கள் செய்ய வேண்டாம் என்று சொன்னதை நான் செய்தது பற்றி. பூட்டைத் திறக்காதீர்கள் என்றீர்கள், திறந்தேன். பாப்பாவிடம் சொல்லாதீர்கள் என்றீர்கள், சொல்லிவிட்டேன். அவள் மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து எனக்கு ஒரு வாரத்துக்குக் குழம்பு வைத்துவிட்டுப் போவாள். ஏப்ரல் 20 அன்று வந்தாள். சாப்பிட்ட பிறகு, உங்கள் கடிதத்தையும் என் அறிக்கையையும் மேசை மேல் வைத்தேன். படித்தாள். பிறகு கேட்டாள்.

“அந்த ரிப்போர்ட்ட நீங்க படிக்கவே இல்லையா மாமா?”

இல்லை என்றேன்.

“என்கிட்ட மட்டும் பாத்த மாதிரி சொன்னீங்க. ஸ்கூல்ல அப்பா பேரு எழுதச் சொன்னா கை கூசும் எனக்கு.”

அப்போது எனக்கு அப்படித்தான் தெரிந்தது என்றேன். அவள் பாத்திரங்களைக் கழுவப் போனாள். நான் உங்கள் பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொன்னேன். நீங்கள் அவளுக்காகத்தான் வாய் திறக்கவில்லை என்றேன். கழுவிக்கொண்டே சொன்னாள்.

“தினம் மறைமலை நகர் போற டிரெயின்ல பொத்தேரி ஸ்டேஷன் வந்தா கண்ண மூடிப்பேன் மாமா. பதினெட்டு வருஷமா. அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. என் கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு போஸ்ட்கார்டு போட்டிருக்கலாம்ல? நான் ஒடஞ்சிடுவேன்னு அவருக்குப் பயமா, இல்ல உங்க மானம் போயிடும்னு பயமா? ரெண்டு பெரிய மனுஷங்க. எனக்கு எது நல்லதுன்னு நீங்களே பேசி முடிச்சிட்டீங்க. பேசக்கூட இல்ல.”

உங்களைத் திட்டியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குரலை உயர்த்தவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, இந்த வீட்டின் மறுசாவியைத் தன் பையிலிருந்து எடுத்துக் குளிர்சாதனப் பெட்டி மேல் வைத்தாள். குழம்பு மூன்று டப்பாவில் இருக்கிறது, நாள் எழுதி ஒட்டியிருக்கிறேன் என்றாள். அந்தப் பழக்கம் என்னிடமிருந்து வந்தது. பிறகு போய்விட்டாள். இன்றோடு பன்னிரண்டு நாள். போனை எடுக்கவில்லை. ஏப்ரல் 26 அன்று காலை 8.31-க்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. ‘நல்லாதான் இருக்கேன். ரெண்டு பேரும் என்னைத் தேட வேண்டாம்.’ அவ்வளவே.

நான் உண்மையைச் சொன்னால், போன முப்பத்தாறு ஆண்டுகளில் ஒரு பகுதியாவது உங்களிடம் திரும்பும் என்று நினைத்தேன். உங்களுக்குக் கொடுக்க என்று நினைத்துத்தான் சொன்னேன். இப்போது உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. நான் எதையும் அளந்து செய்பவன் என்று பெயர். இதை அளக்கவில்லை. தங்கை வீட்டில் அந்தக் கொக்கியின் மூக்கையும் அளக்கவில்லை.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய நாட்களை எழுதப் பார்த்தேன். 19-1-1989, 10-9-1995 இரண்டும் உறுதி. நடுவில் உள்ளவற்றுக்கு என்னிடம் குறிப்பு இல்லை.

பதில் எழுதக் கட்டாயமில்லை. எழுதினால், தேதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ராஜாராமன்

இணைப்புகள்:
1. மதிப்பீட்டு அறிக்கை, 4417 எண் ஒற்றைக்குழல் துப்பாக்கி, பெல்ஜியம், மூன்று தாள்கள். மதிப்பு: இல்லை.
2. ஒப்படைப்புப் படிவம், நீங்கள் கையெழுத்திட வேண்டிய இரண்டு இடங்களும் பென்சிலால் குறிக்கப்பட்டவை.
3. 28-4-2025 தேதியிட்ட என் வாக்குமூலம், முத்திரையுடன், ஒரு தாள்.
4. உங்கள் 16-4-2025 கடிதம். தமிழினி அதை மடித்து என்னிடமே திருப்பித் தந்தாள். அது உங்களுடையது என்பதால் அனுப்புகிறேன்.
5. தமிழினியின் வீட்டு முகவரி: இணைக்கப்படவில்லை. கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.